ரிட்டையர் ஆன அம்மா வெளிநாட்டுப் பள்ளியில் பாடம் எடுக்கப் போகலாமா? டிக்கெட் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பிரிவு உபசார விழா முடிந்துவிட்டது. பொன்னாடைகள் பீரோவுக்குள் போய்விட்டன. 34 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த அம்மா, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் முதன்முறையாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மாதம் நன்றாகத்தான் போகிறது. இரண்டாவது மாதம் டிவி சீரியலைத் திட்டத் தொடங்குகிறார். மூன்றாவது மாதம், சென்னையிலோ பெங்களூரிலோ மீட்டிங்கில் இருக்கும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வருகிறது. கம்போடியாவில் இரண்டு வாரம், ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம், தங்குமிடமும் சாப்பாடும் உண்டு, வார இறுதியில் அங்கோர் வாட் கூட்டிப் போவார்கள். கீழே அம்மாவின் ஒற்றை வரி: "போகட்டுமா?"

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. 60-ல் வெளியே வரும் பலர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள். கையில் பென்ஷன், பாஸ்போர்ட், நிறைய நேரம். "சும்மா வீட்ல உட்கார்ந்து என்ன பண்றது?" என்ற கேள்வி நியாயமானதுதான். அதனால் "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று பதில் போடுவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்கலாம். இங்கே வயது பிரச்சினையே இல்லை.

68 வயதில் விக்ரோலிக்கு வந்த பாட்டி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த நர்ஸ் லில்லியன் கார்ட்டர். கணவரை இழந்தவர், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அமெரிக்க அரசின் 'பீஸ் கோர்' தன்னார்வத் திட்டத்துக்கு விண்ணப்பித்து, 1966-ல் 68 வயதில் இந்தியா வந்தார். மும்பையின் விக்ரோலி பகுதியில், தொழிலாளர் குடும்பங்கள் வந்துபோகும் மருத்துவமனையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். அவர் மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க அதிபரானது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1977-ல்.

அவர் போனது பள்ளிக்கு அல்ல. ஆனாலும் இரண்டு விஷயங்கள் இங்கே முக்கியம். வாழ்நாள் முழுக்க எந்த வேலையைச் செய்தாரோ, அந்த வேலையைச் செய்யத்தான் வந்தார். வந்த இடத்தில் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தார். இரண்டு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பவில்லை.

நீண்ட காலமாக நடக்கும் திட்டங்கள் எல்லாமே இந்த அச்சில்தான் இருக்கின்றன. 1961-ல் தொடங்கிய பீஸ் கோரில் பயிற்சியும் சேர்த்து 27 மாதங்கள். குறைந்தபட்ச வயது 18, உச்ச வயது வரம்பு கிடையாது. ஜப்பான் 1965-ல் தொடங்கிய அரசுத் தன்னார்வலர் திட்டம் பொதுவாக இரண்டு ஆண்டு. அதில் 69 வயது வரை உள்ளவர்கள் போகலாம். பிரிட்டனின் வி.எஸ்.ஓ. அமைப்பின் கதை இன்னும் சுவாரசியம். 1958-ல் தொடங்கியபோது, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த இளைஞர்களைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காலப்போக்கில் அது மாறி, தொழில் அனுபவம் உள்ளவர்களைத் தேடும் அமைப்பாகிவிட்டது. ஆர்வம் மட்டும் போதாது, கைத்தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்களே கண்டுகொண்டார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

இதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. பீஸ் கோர் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். ஜப்பான் திட்டம் ஜப்பானியர்களுக்கு மட்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு விண்ணப்பிக்கக்கூடிய பெரிய கதவு, ஐ.நா. தன்னார்வலர் திட்டம். அதன் நிபுணர் பிரிவுக்கு குறைந்தது 35 வயதும் 15 ஆண்டு அனுபவமும் வேண்டும். உச்ச வரம்பு 80 வயது. வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் காப்பீடும் அவர்களே தருவார்கள். ஆனால் யுனிசெஃப் போன்ற ஐ.நா. அமைப்புகளுக்குள் இருக்கும் பணிகள்தான் அதிகம். நேராக வகுப்பில் போய் நின்று பாடம் எடுக்கும் வேலை அங்கே அரிது. போட்டியும் கடுமை.

அதனால்தான் பலர் இன்னொரு வழிக்குப் போகிறார்கள். அதாவது, பணம் கட்டி, பேக்கேஜ் எடுத்து, இரண்டு வாரம் போய்வரும் வழி. 'வாலன்டூரிசம்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. அம்மாவுக்கு வந்த லிங்க்கும் இந்த வகைதான்.

கம்போடியாவில் நடந்தது என்ன?

போரும் கெமர் ரூஜ் ஆட்சியின் படுகொலைகளும் முடிந்து பல ஆண்டுகள் ஆகி, நாடு அமைதியாகி, வறுமையும் குறைந்துவந்த காலம். அப்போது பெற்றோர் இல்லாத குழந்தைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும், குழந்தைகள் இல்லங்களும் குறைய வேண்டும். நடந்தது தலைகீழ். 2005-ல் 153 ஆக இருந்த இல்லங்கள் 2010-ல் 269 ஆகின. அதாவது ஐந்தே வருடத்தில் சுமார் 75 சதவீதம் அதிகம். அவற்றில் அரசு நடத்தியவை வெறும் 21. இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பங்குப் பேருக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். கம்போடிய அரசும் யுனிசெஃப்பும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொன்னது.

பிறகு ஏன் இல்லங்கள் பெருகின? அதே காலத்தில் பெருகிய இன்னொன்று, சுற்றுலா. அங்கோர் வாட் இருக்கும் சியெம் ரீப் நகரத்துக்கு வரும் வெளிநாட்டவர்கள், கோயில் பார்த்த கையோடு "ஏதாவது நல்லது செய்யலாமே" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குக் காட்ட குழந்தைகள் தேவைப்பட்டார்கள். மாலையில் பயணிகள் முன்னால் நடனம் ஆடவும், தெருவில் நோட்டீஸ் கொடுக்கவும் குழந்தைகளை விட்ட இல்லங்களும் இருந்தன. கிராமத்தில் இருந்த பெற்றோரிடம் "பையன் இங்கிலீஷ் படிப்பான், மூணு வேளை சாப்பாடு" என்று சொல்லி அழைத்து வந்தார்கள். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை படிக்கட்டும் என்றுதான் அனுப்பினார்கள்.

நேபாளத்திலும் இதே கதைதான். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களிலிருந்து படிப்பு, பாதுகாப்பு என்று சொல்லி குழந்தைகளைக் காத்மாண்டுவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெற்றோரிடம் பணமும் வாங்கினார்கள். நேபாளத்தின் இல்லங்கள் காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்கரா இருக்கும் காஸ்கி, சித்வான் என்று சுற்றுலாப் பயணிகள் போகும் மாவட்டங்களில்தான் குவிந்திருக்கின்றன. குழந்தைகள் எங்கே கஷ்டப்படுகிறார்கள் என்பதற்கும் இல்லங்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கும் சம்பந்தமே இல்லை. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு, இதே அச்சத்தில்தான் உரிய ஆவணம் இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் அழைத்துச்செல்வதற்கு நேபாள அரசு கட்டுப்பாடு போட்டது.

உலகம் கொஞ்சம் தாமதமாகத்தான் விழித்தது. நவீன அடிமைத்தனம் பற்றி விசாரித்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-ல் தந்த அறிக்கையில், இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவது பற்றித் தனியாகவே பேசியது. 2019 டிசம்பர் 18-ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களில் தன்னார்வலர் சுற்றுலா என்ற பெயரில் நடப்பதைத் தடுக்கச் சொன்னது. கம்போடிய அரசு ஐந்து மாகாணங்களில் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் 30 சதவீதம் பேரைக் குடும்பத்தோடு சேர்ப்பதை இலக்காக அறிவித்தது.

நமக்கு இது புரியக் கஷ்டமில்லை. பிறந்தநாளுக்கு ஏதாவது ஓர் இல்லத்தில் மதிய சாப்பாடு போட்டு, கேக் வெட்டி, குழந்தைகளோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது இங்கேயும் உண்டு. அந்தக் குழந்தைகள் ஒரே மாதத்தில் எத்தனை பேரின் பிறந்தநாளுக்கு 'ஹேப்பி பர்த்டே' பாடுகிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

"ஆனா இது ஸ்கூல்தானே?"

அம்மா இப்படிக் கேட்கக்கூடும். லிங்க்கில் 'பள்ளி' என்றுதான் போட்டிருக்கிறது. சிக்கலே அங்கேதான். ஓர் அறையில் நாலு பெஞ்ச் போட்டு ஆங்கில வகுப்பு நடத்தும் இல்லம், விளம்பரத்தில் பள்ளி ஆகிவிடும். அதனால் முதல் கேள்வி பாடத்திட்டம் பற்றியோ கட்டணம் பற்றியோ இருக்கக் கூடாது. ராத்திரி அந்தக் குழந்தைகள் எங்கே தூங்குகிறார்கள்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மாலை மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள் என்றால், அது பள்ளி. அங்கேயே தங்குகிறார்கள் என்றால், ஏன், யார் அனுமதியோடு, பெற்றோர் எங்கே, வருடத்துக்கு எத்தனை முறை ஊருக்குப் போகிறார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். மலைப் பகுதிகளில் வீடு வெகுதூரம் என்பதால் உண்மையிலேயே விடுதி தேவைப்படும் பள்ளிகள் உண்டு. அவர்களிடம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கும். கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள் என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் அம்மாவைப் பற்றி அவர்கள் என்ன கேட்கிறார்கள்? ஊர் பெயர் தெரியாத ஒருவர் வந்து "ஒரு வாரம் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன், ஃபீஸ் நானே கட்டுறேன்" என்று சொன்னால் நம் ஊர்ப் பள்ளியில் ஹெச்.எம். விடுவாரா? போலீஸ் சான்றிதழ் கேட்காமல், பழைய பள்ளியில் விசாரிக்காமல், கிரெடிட் கார்டு நம்பரை மட்டும் கேட்கும் இடம், நாளைக்கு வேறு யாரை வேண்டுமானாலும் அந்தக் குழந்தைகளிடம் விடும். அம்மா நல்லவர்தான். ஆனால் அவருக்குத் திறக்கும் அதே கதவு மற்றவர்களுக்கும் திறந்துதான் இருக்கிறது.

இரண்டு வாரத்தில் வகுப்பில் என்ன நடக்கும்?

நல்ல பள்ளியாகவே இருக்கட்டும். புதியவர் வருகிறார். அவருக்கு கெமர் மொழி தெரியாது. குழந்தைகளுக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்றும் தெரியாது. முதல் நாள் பெயர் கேட்டு அறிமுகம். அடுத்து நிறங்கள், உடல் உறுப்புகள், ஒரு ஆக்‌ஷன் பாட்டு. குழந்தைகள் உற்சாகமாகப் பாடுகிறார்கள். ஏற்கெனவே தெரிந்த பாட்டு ஆயிற்றே. போன மாதம் வந்தவரும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வாரம் முடிந்து கட்டிப்பிடித்து அழுது விடைபெறுகிறார். அடுத்தவர் வருகிறார். மீண்டும் நிறங்கள், உடல் உறுப்புகள்.

இதற்கு நடுவில் அந்த வகுப்பின் சொந்த ஆசிரியர் எங்கே? பல இடங்களில் பின்வரிசையில் நிற்பார், அல்லது அந்த நேரத்தில் வேறு வேலை பார்ப்பார். விருந்தாளி போனதும் விட்ட பாடத்தை எங்கிருந்து பிடிப்பது என்பது அவர் தலைவலி. நம் ஊரில் ஆய்வுக்கு அதிகாரி வந்த நாளில் பாடம் எப்படி ஓடும் என்று அம்மாவுக்கே தெரியும். வருடம் முழுக்க அப்படி இருந்தால்?

அப்போ அம்மாவால் என்னதான் தர முடியும்?

நிறைய தர முடியும். ஆனால் அது அவர் நினைப்பது அல்ல. "என் இங்கிலீஷ் அவ்வளவு நல்லா இருக்காதே" என்று தயங்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம், சொந்த ஊரிலேயே யாரும் பெரிதாகப் பாராட்டாத ஒரு திறமை இருக்கிறது. ஒரே அறையில் ஒன்று முதல் நான்கு வரை நாலு வகுப்பையும் சமாளிப்பது.

தமிழ்நாட்டில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, பிறகு மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியினர் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையிலிருந்து பிறந்தது அது. பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறும் 'ஏணி', சுவரின் அடியில் குழந்தைகள் எழுதுவதற்குத் தாழ்வான கரும்பலகை, தரையில் வட்டமாகக் குழுக்கள். அதை விமர்சித்த ஆசிரியர்களும் நிறைய உண்டு. அட்டை தொலைந்துபோவது முதல் வேலைப்பளு வரை அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் அதில் பல வருடம் வேலை செய்தவருக்கு, எது வகுப்பறையில் நடக்கும், எது பயிற்சி முகாமில் மட்டும் நடக்கும் என்பது அத்துப்படி. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகள் நேபாளத்திலும் உண்டு, ஆப்பிரிக்க நாடுகளிலும் உண்டு. அங்கே இருக்கும் இளம் ஆசிரியருக்கு இந்த அனுபவம் கிடைத்தால், அவர் அடுத்த 30 வருடம் அதைப் பயன்படுத்துவார்.

அதாவது, குழந்தைகள் முன்னால் நிற்பதைவிட ஆசிரியர் பக்கத்தில் உட்காருவது. அவர் பாடம் எடுக்க, பின்னால் இருந்து கவனித்து, சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே பேசுவது. போட்டோவுக்கு அவ்வளவு நன்றாக இருக்காது. ஆனால் மொழிச் சிக்கலும் இதில் பாதி தீர்ந்துவிடும். குழந்தைகளிடம் பேசுவது அவர்கள் மொழி தெரிந்த ஆசிரியர்தானே.

இதற்கும் குறைந்தது ஒரு கல்வியாண்டு வேண்டும். அவ்வளவு நாள் அப்பாவை, வீட்டை, பேரப் பிள்ளையை விட்டுவிட்டு இருக்க முடியுமா என்பது குடும்பம் பேசி முடிவு செய்ய வேண்டியது. முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்திலேயே வீட்டிலிருந்து ஆன்லைனில் செய்யும் பிரிவு இருக்கிறது. 18 வயதுக்கு மேல் யாரும் சேரலாம், கட்டணம் கிடையாது. மொழிபெயர்ப்பு, பாடப் பொருள் தயாரிப்பு போன்ற வேலைகள் வரும். லேப்டாப் பழக்கிவிடுவது மட்டும் உங்கள் பொறுப்பு.

தமிழ் பேசும் இடத்துக்கே போகலாமே?

இலங்கையின் மலையகப் பள்ளிகளில் கணிதம், அறிவியல் ஆசிரியர் பற்றாக்குறை பல காலமாகப் பேசப்படும் விஷயம். பாடமொழி தமிழ். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. மொழித் தடை இல்லை என்பதால் அம்மாவுக்கு இது இயல்பாகத் தோன்றும்.

ஆனால் இவை அந்தந்த நாட்டின் கல்வித் துறைக்குள் இருக்கும் பள்ளிகள். ஹெச்.எம். தெரிந்தவர் என்பதற்காக உள்ளே போய்ப் பாடம் எடுத்துவிட முடியாது. முறையான அனுமதி வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மலையகத்துக்கு இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, உள்ளூர்ப் பட்டதாரிகள் வேலையில்லாமல் இருக்கும்போது எதற்கு என்ற எதிர்ப்பும் எழுந்தது. சம்பளம் வாங்காத ஒருவர் வந்து நின்றால், சம்பளம் கொடுத்து ஒருவரை நியமிக்க வேண்டிய அவசரம் குறைந்துவிடும் என்ற பயம் அது. நியாயமான பயம்தான். நம் ஊரில் தொகுப்பூதிய, பகுதிநேர ஆசிரியர்கள் போராட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் ஆசிரியருக்கு உதவியாக இருப்பதற்கும், ஆசிரியர் இடத்தில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

விசா, தடுப்பூசி, பென்ஷன்

சுற்றுலா விசாவில் போய்ப் பள்ளியில் வேலை செய்வது, சம்பளமே வாங்காவிட்டாலும், பல நாடுகளில் விதிமீறல். "எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்று அமைப்பு சொன்னால் மாட்டிக்கொள்ளப்போவது அம்மாதான். நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசாவே தேவையில்லை. எளிதுதான், ஆனால் யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்பதும் அதில் அடக்கம். இங்கே ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. நம் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் வேலை, நீண்டகால விசா போன்றவற்றுக்குத்தான் கிடைக்கும். சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்குத் தரமாட்டார்கள். ஆகவே அந்தச் சான்றிதழைக் கேட்கும் அமைப்பு, சரியான விசாவுக்கும் வழி செய்திருக்க வேண்டும்.

கென்யா, உகாண்டா போன்ற ஆப்பிரிக்க நாடுகள் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்திலிருந்து நேராக வீட்டுக்கு வர முடியாது, ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஆனால் 60 வயதைத் தாண்டி முதல்முறை போடுபவர்களுக்குத் தீவிரப் பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளைஞர்களைவிட அதிகம். டாக்டரிடம் கேட்ட பிறகு நாட்டைத் தேர்வு செய்வது நல்லது. டிக்கெட் போட்ட பிறகு கேட்டால் சங்கடம்.

டிராவல் இன்ஷூரன்ஸில் 'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்ற பகுதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டும் அதற்குள்தான் வரும். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, ஜெனரிக் பெயர் எழுதி எடுத்துப்போக வேண்டும்.

கடைசியாக, பென்ஷன். வருடாந்திர வாழ்நாள் சான்று கொடுக்கும் மாதத்தில் அம்மா வெளிநாட்டில் இருப்பாரா என்று பாருங்கள். ஜீவன் பிரமாண் ஆப்பில் முகப்பதிவு வழியாகத் தரும் வசதி இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகம் மூலமாகவும் சான்று பெறலாம். போகும் முன் அம்மாவின் போனில் ஒருமுறை செய்துபார்த்துவிடுங்கள். பேங்க் ஓ.டி.பி. வரும் சிம்முக்கு ரோமிங்கையும் போட்டுக்கொடுங்கள்.